தோலும் வாரும் கொடுத்தவர்கள் கேமராவைத் தொடும்போது: திரைப்படம் எடுக்க நம்மைத் தூண்டுவது எது?



இந்த நினைவுச் சொற்பொழிவில் இதுவரை கவிதை, நாவல், தன்வரலாறு என்று எழுத்தைப் பற்றியே பேசிவந்திருக்கிறோம். இந்த ஆண்டு சினிமாவை எடுத்துக்கொண்டிருக்கிறோம். காரணம் எளியது. கடலூர் முதுநகரிலிருந்தும் காட்டுமன்னார்கோயிலிலிருந்தும் நம் கூட்டங்களுக்கு வருகிற பிள்ளைகள் முன்பெல்லாம் கவிதை எழுதிய தாளை நீட்டுவார்கள். இப்போது கைப்பேசியை நீட்டுகிறார்கள். அதில் ஐந்து நிமிடக் குறும்படம் ஒன்று இருக்கிறது. "சென்னைக்குப் போய் படம் பண்ணணும் தோழர்" என்கிறார்கள். வீட்டிலோ தலையில் அடித்துக்கொள்கிறார்கள். நாம் அந்தப் பிள்ளைகளுக்கு என்ன சொல்வது? போ என்பதா, வேண்டாம் என்பதா?

அதைச் சொல்வதற்கு முன் ஒரு கேள்விக்கு விடை தேட வேண்டும். ஒரு மனிதரைத் திரைப்படம் எடுக்கத் தூண்டுவது எது? தலைமுறை தலைமுறையாகத் திரைக்கு முன்னால் மட்டுமே உட்காரவைக்கப்பட்ட மக்களில் ஒருவர் கேமராவுக்குப் பின்னால் போய் நிற்பது எதனால்? இந்த உரை யாருடைய நினைவுக்கு உரியதோ அந்தத் தோழர் எதையும் "அது அவரவர் திறமை" என்று விட்டுவிட மாட்டார். அந்தத் திறமை வளர்ந்த காலத்தில் யார் சோறு போட்டது என்று கேட்பார். அவர் வழியிலேயே இந்தக் கேள்வியையும் அணுகுவோம்.

ரசிகர் வேறு, இயக்குநர் வேறு

பேட்டிகளில் இயக்குநர்கள் வழக்கமாகச் சொல்வது, "சின்ன வயசுலேருந்தே எனக்கு சினிமா பைத்தியம்" என்பது. அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அது ஒன்றையும் விளக்கவில்லை. தமிழ்நாட்டில் சினிமாப் பைத்தியம் இல்லாதவர் யார்? டூரிங் டாக்கீஸில் மணலைக் குவித்து அதன்மேல் உட்கார்ந்து படம் பார்த்தவர்களில் பெரும்பாலோர் கூலிக்காரர்கள். கட் அவுட்டுக்கு மாலை போட்டதிலும், ரசிகர் மன்றத்துக்குப் பலகை வைத்ததிலும், கொடி கட்டியதிலும் நம் தெருப் பிள்ளைகள் யாருக்கும் குறைந்தவர்களல்லர். ஏழைகளின் அந்த ஆசையும் கனவும் ஒரு நட்சத்திரத்தின் பிம்பத்துக்குள் எப்படிப் பிடித்துவைக்கப்பட்டன என்பதை எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992இல் எழுதிய, தமிழில் 'பிம்பச் சிறை' என்று வந்திருக்கிற நூலில் காட்டினார். ஆசை மட்டும் போதுமென்றால் கடந்த நூறாண்டில் சேரியிலிருந்து ஆயிரம் இயக்குநர்கள் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

ஆகவே ஆசை ரசிகரை உருவாக்கும். இயக்குநரை உருவாக்க வேறு சில வேண்டும். தனக்குத் தெரிந்த வாழ்க்கைக்கும் திரையில் காட்டப்படும் வாழ்க்கைக்கும் நடுவில் உள்ள இடைவெளி ஒருவரை உறுத்த வேண்டும். அந்த இடைவெளியை நிரப்பத் தனக்கும் உரிமை உண்டு என்ற எண்ணம் வர வேண்டும். அந்த எண்ணம் பட்டினியில் செத்துப்போகாமல் காப்பாற்ற ஒரு துணை வேண்டும். உந்துதல் என்று நாம் ஒரே சொல்லில் சொல்வதற்குள் இந்த மூன்றும் இருக்கின்றன. ஒவ்வொன்றாகப் பார்ப்போம். நம் ஊரிலிருந்தே தொடங்கலாம்.

சிதம்பரத்துக்குப் போன நந்தன், திரைக்குப் போன நந்தன்

தமிழ் சினிமா சிதம்பரத்தோடு சேர்த்துத் திரும்பத் திரும்பச் சொன்ன கதை ஒன்று உண்டென்றால் அது நந்தன் கதை. 1935இல் வந்த 'பக்த நந்தனார்' படத்தில் கே.பி. சுந்தராம்பாள் ஆண் வேடமிட்டு நந்தனாராக நடித்தார். அதற்கு அவருக்குத் தரப்பட்ட சம்பளம் ஒரு லட்ச ரூபாய். அன்றைக்கு நாடே வாய்பிளந்த தொகை அது. வேதியராக நடித்தவர் சங்கீத வித்துவான் மகாராஜபுரம் விசுவநாத ஐயர். இயக்கியவர் மாணிக்லால் டாண்டன். ஏழு ஆண்டு கழித்து, 1942இல், ஜெமினி ஸ்டுடியோ மறுபடியும் 'நந்தனார்' எடுத்தது. அதில் நந்தனாராகப் பாடி நடித்தவர் எம்.எம். தண்டபாணி தேசிகர்.

இந்தப் படங்களுக்கு அடிப்படை, 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதி இயற்றிய நந்தனார் சரித்திரக் கீர்த்தனை. சிதம்பரம் போக விடுப்புக் கேட்கும் நந்தனிடம் நாற்பது வேலி நிலத்து வேலையை முடித்துவிட்டுப் போ என்று சொல்லும் வேதியர், பாரதியின் படைப்பு. 12ஆம் நூற்றாண்டுப் பெரியபுராணத்தில் அப்படியொரு பண்ணையார் கிடையாது. அங்கே ஆதனூர்ப் புலைப்பாடியில் பிறந்த ஒருவர், "நாளைப் போவேன், நாளைப் போவேன்" என்று ஏங்கி, கடைசியில் தில்லைக்கு வந்து, மதிலுக்கு வெளியே தென்திசை வாயில் முன்பு மூட்டிய தீயில் இறங்கி, முனிவர் உருவத்தோடு எழுகிறார். அவர் உருவம் மாறாமல் உள்ளே போக முடியவில்லை என்பதைக் கவனியுங்கள்.

சேக்கிழார் இன்னொன்றும் சொல்கிறார். நந்தன் கோயில்களுக்குப் பேரிகைக்கான தோலும் வாரும் கொடுத்தார். யாழுக்கும் வீணைக்கும் நரம்பு கொடுத்தார். இசைக்கருவிக்கான பொருள் அவருடையது. அது ஒலித்த இடத்துக்குள் அவருக்கு அனுமதியில்லை. தமிழ் சினிமாவில் நம் மக்களின் நிலையும் வெகுகாலம் இதுதான். கதைக்குத் தோலும் வாரும் நரம்பும் நாம் கொடுத்தோம். நம் உழைப்பு, ஏக்கம், சாவு எல்லாம் திரைக்குப் போயின. நந்தனை எழுதியவர்களும் இயக்கியவர்களும் அவனாக நடித்தவர்களும் நந்தன் பிறந்த சேரியிலிருந்து வந்தவர்களல்லர்.

அதே சிதம்பரத்தில் அதே பெயரில் வேறொரு கதையும் நடந்துகொண்டிருந்தது. ஆரணிக்குப் பக்கத்திலிருந்து வந்த சுவாமி சகஜானந்தர் 1916இல் இங்கே நந்தனார் பள்ளியைத் தொடங்கினார். சுந்தராம்பாள் நந்தன் வேடம் போடுவதற்கு 19 ஆண்டுகளுக்கு முன்பே, சேரிப் பிள்ளைகள் நந்தன் பெயர் தாங்கிய பள்ளியில் எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தார்கள். தீயில் இறங்கிய நந்தனைத் தேடிவந்த ஸ்டுடியோக்களை, பள்ளிக்கூடமாக எழுந்த நந்தன் ஈர்க்கவில்லை. அம்பேத்கர் 1948இல் வெளியிட்ட 'தீண்டப்படாதவர்கள்' நூலை நந்தனார், ரவிதாஸ், சோகாமேளர் ஆகிய மூவரின் நினைவுக்கு உரிமையாக்கினார். அவர் நினைத்த நந்தனும் ஜெமினியின் நந்தனும் ஒருவரல்லர்.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்த இடைவெளியைக் கண்டுகொண்டவர்கள் சினிமாவுக்குள்ளும் இருந்தார்கள். 1949இல் வந்த 'நல்லதம்பி' படத்தில் என்.எஸ். கிருஷ்ணன் 'கிந்தனார்' காலட்சேபம் செய்தார். நந்தன் சிதம்பரம் போக ஆசைப்பட்டான் என்றால், கிந்தன் படிப்பதற்குப் பட்டணம் போக ஆசைப்பட்டான். கதாகாலட்சேப வடிவத்தை எடுத்து அதற்குள் கல்வியை வைத்தது பெரிய காரியம். ஆனாலும் அது வெளியிலிருந்து நீண்ட நல்ல கை. கிந்தன் தானே எழுந்து தன் கதையைச் சொல்லும் நாள் அப்போது வரவில்லை.

கதை நம்முடையது, ஆசிரியர் யார்?

சமூகவியல் படிக்கிற மாணவர்களுக்குக் கோபால் குருவைத் தெரிந்திருக்கும். ஓர் அனுபவத்துக்கு உரியவராக இருப்பதும் அந்த அனுபவத்தைச் சொல்லும் ஆசிரியராக இருப்பதும் ஒன்றா என்ற விவாதத்தை அவரும் சுந்தர் சருக்கையும் எழுப்பினார்கள். நாம் நம் அனுபவத்துக்குச் சொந்தக்காரர்கள். ஆசிரியர்களாக எப்போது மாறுகிறோம்?

அமெரிக்காவில் ஒருவர் எப்படி மாறினார் என்று பாருங்கள். ஆஸ்கர் மிஷோ என்ற கறுப்பின மனிதர் ரயிலில் சுமைதூக்கியாக வேலை செய்தவர். பிறகு தெற்கு டகோட்டாவில் நிலம் வாங்கி விவசாயம் பார்த்தார். தன் வாழ்க்கையை நாவலாக எழுதி, வீடு வீடாகப் போய்த் தானே விற்றார். அந்த நாவலைப் படமாக்க ஒரு நிறுவனம் முன்வந்தது. படத்தை நான்தான் இயக்குவேன் என்றார் மிஷோ. அவர்கள் ஒப்பவில்லை, இவரும் கதையைக் கொடுக்கவில்லை. தன் புத்தகத்தை வாங்கிய விவசாயிகளிடமே பங்கு விற்றுப் பணம் திரட்டி, 1919இல் தானே எடுத்து வெளியிட்டார். அதற்கு நான்கு ஆண்டு முன்புதான் 'பர்த் ஆஃப் எ நேஷன்' என்ற படம் வந்து, கறுப்பர்களைக் காமுகர்களாகவும் அவர்களை வேட்டையாடிய கும்பலை வீரர்களாகவும் காட்டியிருந்தது. மிஷோ 1920இல் எடுத்த 'விதின் அவர் கேட்ஸ்' கும்பல் கொலை யாருக்கு நடக்கிறது, யார் செய்கிறார்கள் என்பதைத் திருப்பிக் காட்டியது. இடைவெளி உறுத்தியது, உரிமையை அவர் யாரிடமும் கேட்டு வாங்கவில்லை.

செனகல் நாட்டு உஸ்மான் செம்பேன் பிரான்சில் மார்சேய் துறைமுகத்தில் மூட்டை இறக்கிய தொழிலாளி, தொழிற்சங்கக்காரர். நாவல்கள் எழுதிப் பேர் வாங்கியவர். ஆனால் தான் யாரைப் பற்றி எழுதுகிறாரோ அந்த மக்களில் பெரும்பாலோருக்கு அந்தப் புத்தகத்தைப் படிக்கத் தெரியாது. இதுவே அவரைச் சினிமாவுக்குத் தள்ளியது. நாற்பது வயதை நெருங்கும்போது மாஸ்கோவுக்குப் போய்த் திரைப்படம் படித்தார். 1963இல் டக்கார் நகரத்து வண்டிக்காரர் ஒருவரின் ஒரு நாளை இருபது நிமிடப் படமாக எடுத்தார். இந்தக் காரணம் நமக்கு மிக நெருக்கமானது. நம் மன்றத்து நூல்கள் எத்தனை நம் அம்மாக்களுக்குப் படிக்கக் கிடைத்திருக்கின்றன? கைப்பேசித் திரை அவர்கள் கைக்கே போய்விட்டது.

இவர்களோடு வைத்துப் பார்க்க வேண்டிய ஒருவர் கடலூர் மஞ்சக்குப்பத்தில் 1934இல் பிறந்த ஜெயகாந்தன். பள்ளிப் படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது. கம்யூனிஸ்ட் கட்சி அலுவலகமே அவருக்குப் பள்ளிக்கூடம். சென்னைக் குடிசைப் பகுதியில் வாழும் ஒரு தாயையும் அவள் மகனையும் பற்றிய தன் 'உன்னைப்போல் ஒருவன்' கதையை 1965இல் தானே படமாக இயக்கினார். தேசிய விருது கிடைத்தது, திரையரங்கு கிடைக்கவில்லை. ஜெயகாந்தன் சேரியில் பிறந்தவரல்லர். ஆனால் அந்தக் குடிசையை நட்சத்திரங்களின் கையில் கொடுத்தால் அது குடிசையாக இருக்காது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நம் மாவட்டத்து எழுத்தாளர் ஒருவர் அறுபது ஆண்டு முன்பே போட்டுக்கொடுத்த பாதை அது: முதலில் எழுது, பிறகு அதை நீயே எடு.

பண்ருட்டிப் பக்கத்துப் பத்திரக்கோட்டையிலிருந்து போன தங்கர் பச்சானும் அந்தப் பாதையில் நடந்தவர். தன் சிறுகதையிலிருந்து 'அழகி'யையும் (2002) தன் நாவலிலிருந்து 'ஒன்பது ரூபாய் நோட்டு'வையும் (2007) எடுத்து, நம் பகுதியின் பேச்சையும் பலா மரங்களையும் திரைக்குக் கொண்டுபோனார். கடலூரில் பிறந்த வெற்றிமாறனின் 'விசாரணை' (2015), கோவை ஆட்டோ ஓட்டுநர் மு. சந்திரகுமார் தான் பட்ட போலீஸ் சித்திரவதையைத் தானே எழுதிய 'லாக்கப்' நூலிலிருந்து பிறந்தது. அடிபட்டவர் எழுதியதால்தான் அந்தப் படத்தில் அடி அடியாக இருக்கிறது.

சாவு வீட்டிலிருந்து கிளம்பும் கேமரா

கலைஞருக்கு உள்ளே ஏதோ ஒரு பொறி தட்டும், அதிலிருந்து படைப்பு பிறக்கும் என்று சொல்வார்கள். நம் மக்களைப் பற்றிய படங்கள் பலவற்றுக்குப் பொறி தட்டிய இடம் சாவு வீடு.

2015இல் மதுரையில் துப்புரவுத் தொழிலாளர்கள் இருவர் விஷவாயு தாக்கி இறந்தார்கள். அந்தப் போராட்டத்தில் நின்ற திவ்யபாரதி, பிணத்தின் அருகே அழுத பெண்களைப் பார்த்த பிறகு கேமராவை எடுத்தார். அவர் அதற்குமுன் இடதுசாரி இயக்கச் செயற்பாட்டாளர். ஊர் ஊராகப் போய்த் தொழிலாளர்களைப் பேசவைத்து எடுத்த 'கக்கூஸ்' 2017இல் வெளிவந்தது. பல ஊர்களில் திரையிட அனுமதி மறுத்தார்கள், வழக்குப் போட்டார்கள். யூடியூபில் போட்டார், லட்சக்கணக்கானோர் பார்த்தார்கள். அவருக்கும் முன்னால், 2003இல், மதுரையில் ஆர்.பி. அமுதன் 'பீ' எடுத்தார். மாரியம்மாள் என்ற துப்புரவுத் தொழிலாளி ஒரு தெருவைச் சுத்தம் செய்வதைக் கேமரா முகம் திருப்பாமல் பார்த்துக்கொண்டே இருக்கிறது. நாம் கடந்துபோகிற காட்சியைக் கடக்க முடியாதபடி செய்ததுதான் அந்தப் படத்தின் வேலை.

நமக்குப் பக்கத்தில், மயிலாடுதுறை வட்டாரத்துத் திருநாள்கொண்டச்சேரியில், 2016 ஜனவரியில் ஒரு தலித் முதியவரின் உடலைப் பொதுப்பாதையில் எடுத்துப்போக உயர்நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. நீதிமன்றம் அனுமதித்தது. காவல்துறையோ உடலைத் தானே கைப்பற்றி வேறு வழியாகக் கொண்டுபோய் அடக்கம் செய்தது. இதிலிருந்து பிறந்தது அம்ஷன் குமாரின் 'மனுசங்கடா' (2017). கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு எரிக்கப்பட்ட 44 பேரைப் பற்றி 37 ஆண்டு கழித்துப் பாரதி கிருஷ்ணகுமார் 'ராமையாவின் குடிசை' எடுத்தார். நம் மாவட்டத்துச் சிறுதொண்டமாதேவி கிராமத்தில் தலித் பெண்கள் மீது நடந்த வன்முறையை லீனா மணிமேகலை 'பறை'யில் பதிவு செய்தார்.

கடலூர் மாவட்டத்தின் பெயரை உலகம் முழுவதும் கொண்டுபோன படம் 'ஜெய்பீம்'. விருத்தாசலம் பக்கத்து முதனை கிராமத்துக் குறவர் சமூகத்து ராசாக்கண்ணு 1993இல் கம்மாபுரம் காவல்நிலையத்தில் கொல்லப்பட்டார். அவர் மனைவி ஓயாமல் நடந்தார். கம்யூனிஸ்ட் தோழர்கள் கூட நடந்தார்கள். வழக்கறிஞர் சந்துரு வாதாடினார். பத்திரிகையாளராக இருந்த த.செ. ஞானவேல் இதைப் படமாக்க, 2021 நவம்பரில் வெளிவந்தது. சாவுக்கும் படத்துக்கும் நடுவே 28 ஆண்டு.

'ஜெய்பீம்' வந்ததால்தான் அந்தச் சாவு பேசப்பட்டது. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டோம். ஆனால் மாணவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். படத்தில் ராசாக்கண்ணு இருளராக மாறினார். கதையின் நடுவில் வழக்கறிஞர் நின்றார். முதனையிலிருந்து ஒரு குறவர் பெண் இதே கதையை எடுத்திருந்தால் கேமரா எங்கே நின்றிருக்கும்? நீதிமன்றத்திலா? காவல்நிலைய வாசலில் இரவெல்லாம் உட்கார்ந்திருந்தவளின் பக்கத்திலா? நல்லெண்ணம் உள்ளவர்கள் எடுத்த படத்தைப் பார்த்த பிறகும் இந்தக் கேள்வி மிச்சமிருக்கிறது. அந்த மிச்சத்திலிருந்துதான் அடுத்த இயக்குநர் வர வேண்டும்.

"இதையும் படமாக எடுக்கலாமா?"

துக்கமும் கோபமும் மட்டுமே உந்துதல் என்று சொல்லிவிட்டால் நம் பிள்ளைகளுக்கு அநீதி செய்தவர்களாவோம். சாவு வீட்டை மட்டுமே எடு என்று அவர்களுக்கு விதிக்க நாம் யார்? இன்னொரு உந்துதல் உண்டு. எங்கோ எடுக்கப்பட்ட ஒரு படம், "இவ்வளவு சின்ன விஷயத்தையும் எடுக்கலாமா?" என்று கண்ணைத் திறந்துவிடுவது.

பா. இரஞ்சித் ஆவடிக்குப் பக்கத்துக் கார்லப்பாக்கத்தில் வளர்ந்து, சென்னை அரசு கவின்கலைக் கல்லூரியில் ஓவியம் படித்தவர். அங்கே பார்த்த உலகப் படங்கள், குறிப்பாக ஈரானிய இயக்குநர் மஜித் மஜிதியின் 'சில்ட்ரன் ஆஃப் ஹெவன்', தன்னை மாற்றின என்று சொல்லியிருக்கிறார். அந்தப் படத்தில் என்ன இருக்கிறது? அண்ணன் தங்கையின் காலணியைத் தொலைத்துவிடுகிறான். இருவரும் ஒரே காலணியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போகிறார்கள். அவ்வளவுதான். ஒரு ஜோடிக் காலணி முழுப்படம் ஆகுமென்றால் நம் தெருவில் எத்தனை படம் இருக்கிறது! 2012இல் வந்த 'அட்டகத்தி'யை மறுபடியும் பாருங்கள். அதில் சாவில்லை, கண்ணீரில்லை. சேரிப் பையன் ஒருவன் பஸ்ஸில் போகிறான், காதலிக்கிறான், தோற்கிறான், சிரிக்கிறான், மாட்டுக்கறி சாப்பிடுகிறான். நம் வாழ்க்கையின் சாதாரணத்தைக் காட்டியதே அந்தப் படத்தின் அரசியல்.

மராட்டியத்தில் சோலாப்பூர்ப் பக்கத்து ஜேவூரில் கல்லுடைக்கும் வடார் சமூகத்தில் பிறந்த நாகராஜ் மஞ்சுளே, முதுகலைப் படிப்புக்காகக் குறும்படம் எடுக்க வேண்டியிருந்தது. பள்ளிக்கூடம் போக ஏங்கும் சிறுவனைப் பற்றி 'பிஸ்துல்யா' எடுத்தார். வகுப்பு வேலையாகத் தொடங்கிய அது தேசிய விருது வாங்கியது. பிறகு 'ஃபன்றி' (2013), 'சைராட்' (2016). 'ஃபன்றி'யின் கடைசியில் அந்தப் பையன் எறிகிற கல் நேராகப் பார்வையாளரை நோக்கி வருகிறது. அதுவரை பன்றி பிடிக்கும் குடும்பத்தை வேடிக்கை பார்த்துச் சிரித்த ஊரோடு நாமும் சேர்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம் என்று அப்போதுதான் உறைக்கிறது.

மாரி செல்வராஜ் முதலில் எழுத்தாளர். 'தாமிரபரணியில் கொல்லப்படாதவர்கள்' தொகுப்பையும் 'மறக்கவே நினைக்கிறேன்' தொடரையும் எழுதியவர். இயக்குநர் ராமிடம் பல ஆண்டு உதவியாளராக இருந்தார். 2018இல் 'பரியேறும் பெருமாள்' வந்தது. சிறுவயதில் வாழைத்தார் சுமந்த நினைவும் ஒரு லாரி விபத்தும் 2024இல் 'வாழை'யாக வந்தன. ஒரு பையனுக்குக் கழுத்து வலித்தது என்பதைச் சொல்ல இத்தனை ஆண்டு அவர் காத்திருந்தார். 'பரியேறும் பெருமாள்' படத்தைத் தயாரித்தவர் பா. இரஞ்சித் என்பதை இங்கே குறித்துக்கொள்ளுங்கள். அடுத்துப் பேசப்போவது அதைப் பற்றியே.

யார் சோறு போட்டது?

உந்துதல் இருந்தும் படம் எடுக்காமல் ஊர் திரும்பியவர்கள், எடுத்தவர்களைவிடப் பல மடங்கு. அவர்கள் யாரும் பேட்டி கொடுப்பதில்லை. ஆகவே பேட்டிகளைப் படித்து உந்துதலைப் புரிந்துகொள்பவர்கள், வென்றவர்களின் கதையை மட்டுமே படிக்கிறார்கள்.

உதவி இயக்குநராகச் சேர்ந்தால் முதல் சில ஆண்டுகளுக்குச் சம்பளம் என்று சொல்லும்படி ஒன்றும் இருக்காது. வடபழனியிலோ சாலிகிராமத்திலோ அறை எடுக்க வேண்டும். சாப்பிட வேண்டும். ஊரில் நிலம் இருப்பவர் வீட்டிலிருந்து பணம் வரும். கூலி வேலை செய்யும் அம்மா எவ்வளவு அனுப்புவார்? ஒரு இயக்குநரைப் பார்க்க யாராவது சொல்லி அனுப்ப வேண்டும். அந்த "யாராவது" பெரும்பாலும் சொந்தக்காரராகவோ சொந்தச் சாதிக்காரராகவோ இருக்கிறார். பிரெஞ்சுச் சமூகவியலாளர் பூர்தியு சொன்ன பண்பாட்டு மூலதனம், சமூக மூலதனம் என்பவை கோடம்பாக்கத்தில் இப்படித்தான் புழங்குகின்றன. பெண்களுக்கு இதற்கு மேல் இன்னும் இரண்டு மதில்.

துணிந்து உள்ளே போன முதல் ஆளுக்கு என்ன நடந்தது என்பதும் நமக்குத் தெரியும். மலையாளத்தின் முதல் படமான 'விகதகுமாரன்' படத்தில் நாயகியாக நடித்தவர் பி.கே. ரோசி என்ற தலித் பெண். புல்லறுத்துப் பிழைத்தவர், நாடகம் ஆடத் தெரிந்தவர். அவர் திரையில் நாயர் பெண்ணாகத் தோன்றியதைப் பொறுக்காமல் சாதிக் கும்பல் கல்லெறிந்தது, வீட்டை எரித்தது. அவர் இரவோடு இரவாகத் தப்பி நம் நாகர்கோவில் பக்கம் வந்து, வேறு பெயரில் வாழ்ந்து மறைந்தார். இன்று அவர் பெயரால் நீலம் பண்பாட்டு மையம் சென்னையில் திரைப்பட விழா நடத்துகிறது.

'பரியேறும் பெருமாள்' ஒரு தனி மனிதரின் உந்துதலால் மட்டும் வந்துவிடவில்லை. தனக்கு முன் கதவு திறந்த ஒருவர் அதைச் சாத்தாமல் பிடித்துக்கொண்டு நின்றதால் வந்தது. அதே இரஞ்சித் உதவி இயக்குநர்கள் உட்கார்ந்து படிக்க 2018இல் 'கூகை' நூலகத்தைத் தொடங்கினார். உந்துதலைக் காப்பாற்றுவது என்றால் இதுதான்: ஒரு மேசை, ஒரு மின்விசிறி, நிறையப் புத்தகம், யாரும் விரட்டாத இடம்.

நாம் செய்ய வேண்டியது

ஆகவே, "படம் பண்ணணும் தோழர்" என்று வருகிற பிள்ளைகளிடம் போ, போகாதே என்ற இரண்டு பதில் மட்டும் இருப்பதாக நாம் நினைக்க வேண்டியதில்லை. சென்னைக்குப் போகும் முன்பே இங்கே செய்யக்கூடியவை உண்டு.

ஒன்று, பார்க்க வைப்பது. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் இருக்கிற ஊர் இது. மாதம் ஒரு படம், ஒரு புரொஜக்டர், சேரியில் ஒரு வெள்ளை வேட்டி போதும். படம் முடிந்ததும் விளக்கைப் போட்டுக் கலைந்துவிடாமல் பேச வேண்டும்.

இரண்டு, எழுத வைப்பது. மிஷோ, செம்பேன், ஜெயகாந்தன், மாரி செல்வராஜ் எல்லோரும் எழுதிவிட்டே எடுத்தார்கள். எழுத்துக்குச் செலவு இல்லை. தவறினால் அழித்து எழுதலாம். நம் மாவட்டத்திலேயே எழுதப்பட வேண்டியவை குவிந்து கிடக்கின்றன. சகஜானந்தரின் பள்ளி. நெய்வேலிச் சுரங்கத்துக்கு நிலமும் ஊரும் கொடுத்தவர்கள். 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரண வரிசையிலும் தள்ளி நிறுத்தப்பட்டவர்கள். 2003இல் விருத்தாசலம் பக்கத்தில் கொல்லப்பட்ட கண்ணகி, முருகேசன்; தீர்ப்புக்காகக் கடலூர் நீதிமன்றத்தில் 2021 வரை காத்திருந்த குடும்பம். இமையம் போன்ற நம் மாவட்டத்து எழுத்தாளர்கள் கதையில் செய்ததைத் திரையில் செய்ய ஆள் வேண்டும்.

மூன்று, பதிவு செய்யும் ஒழுக்கம். கையில் கேமரா இருப்பதாலேயே யாருடைய துக்கமும் நமக்குச் சொந்தமாகிவிடாது. வன்கொடுமை வழக்கில் சாட்சியாக இருப்பவர் முகத்தை வெளியிட்டால் அவர் உயிருக்கே ஆபத்து வரலாம். பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்ணின் அடையாளத்தை வெளியிடுவதைச் சட்டமே தடுக்கிறது. ஒப்புதல் வாங்கி எடுக்க வேண்டும். எடுத்ததை முதலில் அந்தக் குடும்பத்துக்குக் காட்ட வேண்டும். வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும். வெளியிலிருந்து வந்தவர்கள் நம்மை எடுத்தபோது எதெல்லாம் நமக்கு வலித்ததோ அதை நாம் நம்மவர்களுக்குச் செய்யக் கூடாது.

நான்கு, பணம். கேரளத்தில் ஜான் ஆபிரகாமும் அவருடைய ஒடெஸா தோழர்களும் ஊர் ஊராகப் படம் காட்டி, மக்களிடம் வசூலித்த காசில் 'அம்ம அறியான்' (1986) எடுத்தார்கள். அவ்வளவு பெரிதாக வேண்டாம். ஆண்டுக்கு ஒரு பிள்ளைக்கு, அதுவும் முதலில் ஒரு பெண் பிள்ளைக்கு, சென்னையில் அறை வாடகையும் சாப்பாட்டுச் செலவும் கொடுக்கும் நிதி ஒன்றை மன்றம் தொடங்கலாம். இன்று இந்த அரங்கில் இருக்கும் நாமே மாதம் நூறு ரூபாய் போட்டால் அது நடக்கும்.

நந்தன் "நாளைப் போவேன்" என்று சொல்லிச் சொல்லியே திருநாளைப்போவார் ஆனார். அவரைத் தடுத்து நிறுத்தியது அவருக்குள் ஆசை குறைந்ததல்ல. நம் பிள்ளைகளும் நாளைப் போவேன் என்று சொல்லிக்கொண்டே வயதாகிப் போகாமல் இருக்க வேண்டுமானால், அரங்கை விட்டு வெளியே போகும்போது வாசலில் இருக்கும் நோட்டில் உங்கள் பெயரையும் தொகையையும் எழுதிவிட்டுப் போங்கள்.

ஜெய்பீம்.